இரண்டு பத்தியிலும் ஒரே சொல்

போர்த்துகீசிய மொழியில் எனக்கு இன்றைக்கும் ஒரு வாக்கியம் பேச வராது. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கத் தெரியாது. ஆனால் அதன் வினைச்சொல் எதைக் கொடுத்தாலும் எந்த இடத்தில் வெட்டலாம், எந்த இடத்தில் வெட்டக்கூடாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்டதில்லை. கேட்கப்போவதும் இல்லை. ஒன்றுக்கும் உதவாத அந்த அறிவு ஐம்பது வருஷத்துக்கு மேலாக என் தலையில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. அதை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

கோவா இந்தியாவோடு சேர்ந்ததற்கு மறு வருஷம். நான் கோயமுத்தூரில், ராஜவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்துமூன்று. மில் லேபிள், பம்புசெட் விலைப்பட்டியல், காலேஜ் மலர், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாம் அங்கே அச்சாகும். அதில் ஆங்கிலத்தில் வருவதெல்லாம் என் மேசைக்கு வரும். அச்சகத்தில் நான் ஒருத்திதான் பெண். நான் ஒரு திருத்தம் சொன்னால் ஆண்கள் உடனே செய்யமாட்டார்கள். முதலாளியின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் செய்வார்கள். அதனால் நான் சத்தம் போடப் பழகிக்கொண்டேன். ஏற்கெனவே எனக்குக் கோபம் மூக்கு மேலே. அது வேலைக்கும் உதவுகிறது என்று தெரிந்ததும் கட்டுப்படுத்த வேண்டிய அவசியமே எனக்குத் தோன்றவில்லை.

அந்த அச்சகத்தின் மூத்த அச்சுக்கோப்பவர் அவிநாசிப் பக்கத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். தினமும் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். தமிழ் கோப்பதில் அவரை அடித்துக்கொள்ள அந்த ஊரில் ஆளில்லை. ஆங்கில எழுத்துகளை முகம் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்வார், அர்த்தம் தெரியாது. யாரிடமும் 'ங்க' போடாமல் பேசமாட்டார். காகிதக் கட்டின் மேல் ஏறிப் படுக்கும் பூனையிடம்கூட, "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்பார். நாங்கள் சிரிப்போம். எங்கள் ஊரில் அந்த 'ங்க' இல்லாமல் ஒருவரிடம் பேசினால் அடிப்பதற்குச் சமம். சண்டை போடுகிறவர்கள்கூட 'ங்க' போட்டுத்தான் சண்டை போடுவார்கள். இதைச் சொல்லிவைக்கக் காரணம் இருக்கிறது.

ஒரு நாள் காலையில் குடையும் கையெழுத்துக் காகிதக் கட்டுமாக ஒரு அம்மாள் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கவுன் போட்டிருந்தார். கோவாவில் இருபது வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் போர்த்துகீசியம் சொல்லிக்கொடுத்தவர். ஆட்சி மாறியதும் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். தம்பி இங்கே ஒரு மில்லில் கணக்கர் என்பதால் புலியகுளத்தில் அவர் வீட்டுக்கு வந்திருந்தார். நாங்கள் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டோம். அவர் எங்களோடு பேசியது ஆங்கிலத்தில். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவருக்கு என்ன வேண்டும் என்பதை முதல் நாளே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். கோவாவில் நிலப் பத்திரம், கோர்ட்டு தஸ்தாவேஜு எல்லாம் போர்த்துகீசியத்தில் இருக்கிறது. வெளியூரிலிருந்து போகும் குமாஸ்தாக்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவரை நியமிக்கப் போகிறார்கள். கோவாவின் தலைநகர் பஞ்சிமில் நேர்காணல். இரண்டு மாதம் இருக்கிறது.

"கையெழுத்துக் காகிதத்தோடு போனால் என்னை மூடிப்போன பள்ளிக்கூடத்து ஆள் என்பார்கள். அச்சடித்த புத்தகத்தோடு போனால் உட்காரச் சொல்வார்கள்" என்றார். பிறகு, கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். "என் தம்பி மனைவி தங்கமானவள். ஒரு முகம் சுளித்ததில்லை. ஆனால் நான் அவர்கள் வீட்டு முன்னறையில் தூங்குகிறேன். காலையில் பால்காரர் வருவதற்குள் எழுந்து படுக்கையைச் சுருட்டிவிட வேண்டும்."

எங்கள் முதலாளி, சொந்த ஊரில் நிலமும் இங்கே அச்சகமும் வைத்திருந்தவர், புது வேலை என்றால் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். "நம்ம அச்சுல வெளிநாட்டு பாசையுங்க அம்மணி. செஞ்சுபோடலாம்" என்றார் என்னிடம். 'செஞ்சுபோடலாம்' என்று அவர் சொல்வார், செய்வது நாங்கள்.

புத்தகத்தின் முதல் பாதி ஆங்கிலத்தில் விளக்கம், நடுநடுவே போர்த்துகீசியச் சொற்கள். பின் பாதி அட்டவணை. அந்த அட்டவணைதான் புத்தகத்தின் உயிர் என்று டீச்சர் சொன்னார். ஒவ்வொரு வினைச்சொல்லும் இரண்டு தரம் வரும். இடது பத்தியில் அசை அசையாகப் பிரித்து, வலது பத்தியில் உறுப்பு உறுப்பாகப் பிரித்து. 'பேசுகிறோம்' என்பதற்கு அந்த மொழியில் ஃபலாமுஷ். வாயால் சொல்லும்போது ஃப-லா-முஷ். ஆனால் சொல்லின் கட்டுமானம் வேறு: ஃபல்-ஆ-முஷ். ஃபல் என்பது பேச்சு, ஆ என்பது அந்த வினை எந்தக் குடும்பம் என்று காட்டுவது, முஷ் என்றால் நாம்.

எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. பள்ளிக்கூடத்தில் 'செய்தான்' என்பதைப் பகுதி, இடைநிலை, விகுதி என்று செய்-த்-ஆன் எனப் பிரித்துப் பிரித்து மண்டை காய்ந்தவள்தானே நான். வாய் செய்-தான் என்று பிரிக்கும். இலக்கணம் வேறு மாதிரி பிரிக்கும். அதைச் சொன்னதும் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் ஒரு குமாஸ்தா ஒரே வாரத்தில் பத்திரம் படிப்பான். இருபது வருஷம் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக் கண்டுபிடித்தது. வேறு எந்தப் புத்தகத்திலும் இப்படி இல்லை."

வேலை ஆரம்பித்த நாளிலிருந்தே தொல்லை. அந்த மொழிக்குத் தலையில் நெளிவும் காலில் வாலுமாகச் சில எழுத்துகள் வேண்டும். எங்களிடம் இல்லை. பாலக்காட்டுக்கு அப்பால் பாதிரிமார்கள் நடத்திய ஓர் அச்சகத்திலிருந்து முதலாளி இரவல் வாங்கி வந்தார். கொஞ்சம்தான் கொடுத்தார்கள். எட்டுப் பக்கம் கோத்தால் எழுத்து தீர்ந்துவிடும். அந்த எட்டுப் பக்கத்தைச் சட்டத்தில் பூட்டி அச்சடித்து, கழுவி, எழுத்துகளைப் பிரித்து அறையறையாகப் போட்டால்தான் அடுத்த எட்டுப் பக்கம். எட்டுப் பக்கம் கொண்ட அந்தப் பூட்டிய சட்டத்தை ஃபாரம் என்போம். ஒரு ஃபாரம் அச்சாகிவிட்டால் அதில் உள்ள தவறு அதோடு போயிற்று. திரும்பப் பார்க்க எழுத்து இருக்காது.

அடுத்த தொல்லை வரிக்கடைசி. தமிழில் வரி எங்கே முடிகிறதோ அங்கே சொல்லை வெட்டி, மிச்சத்தை அடுத்த வரியில் போட்டுவிடலாம். கோடு கிடையாது, கேள்வி கிடையாது. எங்கள் மூத்தவர் இருபது வருஷப் பழக்கத்தில் போர்த்துகீசியத்தையும் அப்படியே வெட்டினார். முதல் புரூஃபைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. 'வேலை செய்' என்பதற்கான சொல்லில் எல் என்ற எழுத்தும் எச் என்ற எழுத்தும் சேர்ந்து ஒரே ஒலி. அதை நடுவில் வெட்டி, எல் மேல் வரியிலும் எச் கீழ் வரியிலும் நிற்க விட்டிருந்தார்.

நான் டீச்சரிடம் உட்கார்ந்து விதிகளைக் கேட்டு, தமிழில் எழுதி, மூத்தவரின் எழுத்துப் பெட்டிக்கு மேலே ஒட்டினேன். எல்-எச் வெட்டாதே, என்-எச் வெட்டாதே, இரட்டை ஆர் வந்தால் நடுவில் வெட்டு, வெட்டினால் வரிக்கடைசியில் சிறு கோடு போடு. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். ஒரு வாரத்தில் அவர் கையில் அந்த விதிகள் ஏறிவிட்டன. அர்த்தமே தெரியாத சொல்லை என்னைவிட வேகமாகப் பிரித்தார். அதிலும் எனக்குச் சின்னக் கடுப்பு.

இரண்டாவது ஃபாரத்தில்தான் அது நடந்தது. கடைசித் திருத்தத்தில் டீச்சர் ஒரு வரியில் இரண்டு சொல் சேர்த்தார். சேர்த்ததும் வரிகள் தள்ளிப்போயின. வரிக்கடைசியில் கோடு போட்டு வெட்டியிருந்த ஒரு சொல், வரிக்கு நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது, கோட்டோடு. மூத்தவர் அதை எடுக்கவில்லை. கோடு அந்தச் சொல்லின் அங்கம் என்று நினைத்திருக்கலாம். அப்படியே அச்சாகிவிட்டது. டீச்சர் அச்சான தாளைப் பார்த்துவிட்டு, "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று மெதுவாகத்தான் கேட்டார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

நான் எழுந்து மூத்தவரிடம் போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு மேலே கேட்கும்படி கத்தினேன்.

"வரிக்கு நடுவுல கோடு வந்தா எடுத்துப்போடு. இருக்கட்டுமா வேண்டாமான்னு என்கிட்ட வந்து கேக்காதே. எங்க பாத்தாலும் எடுத்துப்போடு."

'ங்க' இல்லை. என்னைவிடப் பதினேழு வயது மூத்த மனிதரிடம், அத்தனை பேர் முன்னால், ஒருமையில். மெஷின்காரர் சக்கரத்தை நிறுத்தியே விட்டார். மூத்தவர் கையிலிருந்த, எழுத்துக் கோக்கும் பட்டையைக் கீழே வைத்தார்.

"ஆகட்டுங்க அம்மணி" என்றார்.

அன்றைக்கு நான் வருத்தப்படவில்லை. ஒரு தரம் அதட்டினால் ஒழுங்காகிவிடும் என்று நினைத்தேன். ஒழுங்காகத்தான் ஆயிற்று. அதற்கப்புறம் முதல் பாதி முழுக்க ஒரு தவறு இல்லை.

பிறகு அட்டவணை வந்தது. மூன்று ஃபாரம். நெளிவும் வாலும் உள்ள இரவல் எழுத்துகள் அதில் குறைவு என்பதால் மூன்றையும் சேர்த்தே கோக்க முடிந்தது. அதில்தான் சொற்களெல்லாம் கோடு போட்டுப் பிரித்திருக்கும், வரிக்கு நடுவில், நூற்றுக்கணக்கில். மூத்தவர் கையெழுத்துப் பிரதியில் இருந்தபடியே கோத்தார். புரூஃப் வந்தது. நான் ஒவ்வொரு கோடாகச் சரிபார்த்தேன். கண் பூத்துப்போயிற்று. சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம். நான் கையெழுத்துப் போட்டபின், மெஷினில் ஏற்றுமுன், மூத்தவர் பூட்டிய ஃபாரத்தைக் கல்மேடை மேல் வைத்து ஒரு தரம் பார்ப்பார். உடைந்த எழுத்து, தலைகீழ் எழுத்து, ஏதாவது நழுவியது இருந்தால் இடுக்கியால் எடுத்துச் சரிசெய்வார். அதற்குக் 'கடைசிக் கை' என்று பெயர். அதற்குமேல் யாரும் பார்ப்பதில்லை. பார்த்தால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும்.

கடைசிக் கை போடும் அன்று அவர் என் மேசைக்கு வந்தார். நான் ஒரு காலேஜ் மலரில் மூழ்கியிருந்தேன். மறுநாள் கொடுத்தாக வேண்டும்.

"ஏனுங்க அம்மணி, இந்தக் கட்டம் போட்ட பக்கத்துல..."

"இப்ப வேண்டாங்கண்ணா. தலைக்கு மேல வேலை கிடக்குது."

சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் வந்து நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. நான் தலையைத் தூக்கவில்லை.

"அந்தக் கோட்டுச் சமாச்சாரமுங்க..."

"கோட்டைப் பத்தி நான் ஒருக்காச் சொல்லியாச்சு. எத்தனை தரம் சொல்றது?"

"ஆகட்டுங்க" என்று போய்விட்டார்.

அன்றைக்குப் பூராவும், மறுநாளும், அவர் கல்மேடையிலேயே குனிந்து நின்றார். இடுக்கியால் ஏதோ எடுப்பதும், வரிக்கடைசியில் மெல்லிய ஈயத்துண்டு வைத்து இறுக்குவதும், மறுபடி எடுப்பதுமாக இருந்தார். நான் அந்தப் பக்கமாகப் போகும்போது, "இன்னுமா முடியலைங்க?" என்று ஒரு குத்தும் குத்தினேன். "ஆச்சுங்க அம்மணி, இன்னொரு ஃபாரந்தானுங்க" என்றார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். கிழம் தட்டிவிட்டது, வேகம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஃபாரங்கள் ஒவ்வொன்றாக அச்சாயின. பயண ஏற்பாட்டில் இருந்த டீச்சரும், காலேஜ் மலரில் இருந்த நானும் அச்சான தாளைப் பார்க்கவில்லை. எழுத்துகளைக் கழுவிப் பிரித்து, இரவல் எழுத்துகளை எண்ணிக் கட்டிப் பாலக்காட்டுக்கு அப்பால் அனுப்பிவிட்டார் முதலாளி. புத்தகம் பைண்டிங்குக்குப் போயிற்று. டீச்சருக்கு வியாழக்கிழமை பகல் ரயில், பெங்களூர் வழியாக. புதன்கிழமை காலையில் புத்தகத்தை எடுத்துக்கொள்ள வந்தார். அன்றைக்குப் புதுக் கவுன்.

முன்பக்க நாற்காலியில் உட்கார்ந்து முதல் பிரதியைக் கையில் வாங்கினார். அட்டையைத் தடவினார். தன் பெயர் இருந்த பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நேராக அட்டவணைக்குப் போனார். இடது பத்தியில் விரலை வைத்து, "ஃபலாமுஷ்" என்று வாசித்தார். விரலை வலது பத்திக்கு நகர்த்தினார்.

"ஃபலாமுஷ்."

அடுத்த வரி. "வெந்தேமுஷ். வெந்தேமுஷ்."

அடுத்தது. "பர்த்தீமுஷ். பர்த்தீமுஷ்."

நான் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை. இருபத்துநான்கு பக்கத்திலும் ஒரு கோடு இல்லை. ஒவ்வொரு சொல்லும் முழுசாக, அழகாக, நூல் பிடித்தாற்போல் இரண்டு தரம் அச்சாகியிருந்தது. இடது பத்தியில் எது இருந்ததோ அதுவே வலது பத்தியிலும்.

டீச்சர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "அச்சு மிக நன்றாக இருக்கிறது" என்றார். பிறகு, "என் பாடம் எங்கே?" என்றார்.

முதலாளி ஓடிவந்தார். அவர் பிரதியை வாங்கிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கோடெல்லாம் காணோம் என்று நான் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. மூத்தவரைக் கூப்பிட்டார்.

"இதுல இருந்த கோடெல்லாம் ஆருங்க எடுத்தது?"

மூத்தவர் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார். அவருக்கு அந்த நிமிஷத்தில்தான் விஷயம் விளங்கியது என்று நினைக்கிறேன். என் பக்கம் திரும்பவே இல்லை.

"நானுங்க. என்ற கைத்தப்புங்க" என்றார்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் சொல்லித்தான் எடுத்தார், இரண்டு தரம் வந்து கேட்டார், விரட்டிவிட்டேன் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகிவிடும்? மெஷின்காரர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். அவரும் பேசவில்லை. அத்தனை நாள் எல்லோரையும் திருத்திக்கொண்டிருந்தவள் நான். என் வாயால் இதைச் சொன்னால் நாளைக்கு ஒரு கமாவைத் திருத்தச் சொன்னாலும் சிரிப்பார்கள் என்று பயந்தேன். வேலையே போய்விடும் என்றும் பயந்தேன். இரண்டும் உண்மை. இரண்டும் சேர்ந்தாலும் அதற்கு நியாயம் ஆகாது.

திரும்ப அச்சடிக்க எழுத்து இல்லை, நாளும் இல்லை. நேர்காணல் நடத்துகிறவர்களுக்குக் கொடுக்க ஆறு பிரதியையாவது கையால் சரிசெய்துவிடலாம் என்று டீச்சர்தான் சொன்னார். மெல்லிய நிப்பால் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு சின்னக் கோடு இழுக்க வேண்டும். மேசையில் அவரும் நானும் உட்கார்ந்தோம். மூத்தவர் வந்து நின்றார். "நான் பென்சில்ல புள்ளி வெச்சுக் குடுக்கறனுங்க. நீங்க ரெண்டு பேரும் மை போடுங்க" என்றார்.

கையெழுத்துப் பிரதியை அவர் முன்னால் தள்ளினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கோட்டையும் தன் கையால் எடுத்தவர். எது எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இடது பத்தியில் ஒரு மாதிரி, வலது பத்தியில் வேறு மாதிரி, புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போனார். டீச்சர் முதல் இரண்டு பக்கத்தைச் சரிபார்த்துவிட்டு, அதற்குமேல் பார்ப்பதை நிறுத்திவிட்டார். ஒரு தவறு இல்லை. இவ்வளவு கவனமாக இருக்கிற மனிதரை ஒரு கேள்வி கேட்கவிடவில்லையே என்று எனக்கு நெஞ்சு காந்தியது. அந்தக் காந்தலிலும், ஏன்தான் இப்படிச் சொன்னதைச் சொன்னபடி செய்து தொலைக்கிறார் என்று அவர் மேலேயே கோபமும் வந்தது. என் புத்தி அப்படி.

மாலை விளக்குப் போடுவதற்குள் ஆறும் முடிந்தன. டீச்சர் அவற்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். போகும்போது எங்கள் இருவரிடமும் கை கொடுத்தார். மூத்தவர் கையை வேட்டியில் துடைத்துவிட்டுக் கொடுத்தார்.

மறு வாரமே முதலாளி அவரைப் புத்தக வேலையிலிருந்து எடுத்து, நோட்டீஸும் லேபிளும் கோக்கும் மூலைக்கு அனுப்பினார். புதிதாக வருகிறவர்கள் உட்காரும் இடம் அது. பதினைந்து நாள் அங்கே இருந்து கோத்தார். பிறகு, கோபிசெட்டிபாளையத்தில் மைத்துனர் ஒரு சின்ன அச்சகம் வைத்திருப்பதாகவும், பஸ் அலைச்சல் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொல்லிக் கணக்கை முடித்துக்கொண்டார். கடைசி நாள் என் மேசைக்கு வந்தார்.

"வாரனுங்க அம்மணி."

"சரிங்கண்ணா" என்றேன். 'ங்க' போட்டேன். அப்போதுகூட அதற்குமேல் வாய் வரவில்லை.

டீச்சர் ஒரு மாதம் கழித்து வந்தார். அதே குடை. நாற்காலியில் உட்கார்ந்ததும், வேலை கிடைக்கவில்லை என்று சொன்னார். என்னால் நம்ப முடியவில்லை. ஆறு பிரதியும் சரியாக இருந்தனவே என்றேன்.

"நான் உள்ளே போகும்போதே அவர்கள் மேசையில் வேறு இரண்டு பிரதி இருந்தன. உங்கள் முதலாளி தபாலில் அனுப்பியது. கூடவே உங்கள் அச்சகத்தின் விலைப்பட்டியலும் இருந்தது."

புத்தகம் பைண்டிங்கிலிருந்து வந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலமே, அரசாங்க அச்சு வேலை கிடைக்குமா என்ற ஆசையில், இரண்டு பிரதியைப் பஞ்சிம் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் போட்டிருக்கிறார் முதலாளி. மறுநாள் நடந்த கூத்தில் அதைச் சொல்ல மறந்துவிட்டார், அல்லது சொல்லப் பயந்துவிட்டார். எங்கள் இடத்தில் அப்போது எல்லோரும் ஏதோ ஒன்றைச் சொல்லாமல்தான் இருந்தோம்.

"அட்டவணைப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்கள்" என்றார் டீச்சர். "ஒரே சொல்லை ஏன் இரண்டு தரம் அச்சடித்திருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். நான் என் பிரதியை எடுத்துக் காட்டினேன். நேற்று ராத்திரி ஹோட்டலில் உட்கார்ந்து கோடு போட்டீர்களா என்று கேட்டுச் சிரித்தார். அதற்கப்புறம் நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை." அவர் குரலில் கோபமே இல்லை. களைத்திருந்தார். தம்பி வீட்டு முன்னறை இனி எத்தனை நாளோ என்று நான் நினைத்தேன். அவரும் அதைத்தான் நினைத்திருப்பார்.

பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். "அந்த மனிதரைக் கூப்பிடு. திட்டமாட்டேன். ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அவ்வளவு கவனமானவர், எடுப்பதற்கு முன்னால் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"அவர் இங்கே இல்லை. வேலையை விட்டுப் போய்விட்டார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "கேட்டார் டீச்சர். என்னிடம் இரண்டு தரம் வந்து கேட்டார். நான்தான் எடுக்கச் சொல்லியிருந்தேன். நான்தான் கேட்காதே என்றும் சொல்லியிருந்தேன்."

அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"இதை வேறு யாரிடம் சொல்லியிருக்கிறாய்?"

"யாரிடமும் இல்லை."

"என்னிடம் சொல்லி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை" என்று எழுந்துகொண்டார். குடையை எடுத்துக்கொண்டு சந்தில் இறங்கி நடந்தார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

நான் நேரே முதலாளியின் அறைக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: நான் கத்தியது, ஒருமையில் பேசியது, அவர் வந்து நின்றது, நான் தலையைத் தூக்காதது. வேலையை விட்டு அனுப்பினாலும் சரி என்று முடித்தேன். அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா உங்களை எதுக்குங்க அம்மணி நான் அனுப்பப்போறேன்? ரெண்டு பேரையும் ஒரு சத்தம் போட்டுப்போட்டு, போயி வேலையைப் பாருங்கன்னு சொல்லியிருப்பனுங்க. அவரும் இங்கயே இருந்திருப்பாரு."